தண்ணீர் வந்த இடம் மட்டும் தகடு

கும்பகோணத்தில் எங்களுடையது பிரேம் கடை. அப்பா காலத்தில் சாமி படமும் கல்யாணப் போட்டோவும்தான் வேலை. என் காலத்தில் தஞ்சாவூர் ஓவியத்துக்குத் தேக்குச் சட்டம் அடிப்பதும் சேர்ந்துகொண்டது. கண்ணாடி, சட்டம், பின்னால் ஹார்ட்போர்டு, நான்கு ஆணி. இதைத் தாண்டி யோசிக்க வேண்டிய அவசியம் 2018 வரைக்கும் எனக்கு வரவில்லை.

பெரியப்பா மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் இருக்கிறார். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளுக்குக் கிளியும் மாம்பழமும் வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து யாருக்கும் புரியாத படமாகப் போடுவார். அரூப ஓவியம் என்று பெயர் இருப்பதே எனக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியும். ஊரில் "வாத்தியார் கலரைக் கொட்டி வச்சிருக்காரு" என்பார்கள். அவர் கொட்டிய கலரில் பாதிக்கு மேல் ஆறும் வயலும்தான். ஜூன் 12 மேட்டூரில் தண்ணீர் திறந்தால், கல்லணை வந்து, பிரிந்து, பாசனத்தின் கடைசிக் கோடியான கடைமடைக்கு வந்து சேரும்வரை இவர் பாமணி ஆற்று மணலில் போய் நின்றுகொண்டிருப்பார். காய்ந்த மணலில் முதல் தண்ணீர் வருவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது பாய்ந்து வராது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு நாக்கு நாக்காக ஊர்ந்து வரும். அதைத்தான் முப்பது வருஷமாகத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் வீட்டு ஓடு பறந்தது. பரணில் சாய்த்து வைத்திருந்த கேன்வாஸ் எல்லாம் நனைந்தன. கரண்ட் இல்லாமல், வெயில் இல்லாமல், ஊரே மரத்தை வெட்டி வழி எடுத்துக்கொண்டிருந்தபோது படத்தை யார் காயவைப்பது? இரண்டு வாரம் கழித்து நான் போனபோது துணியின் பின்பக்கம் முழுக்கக் கரும்புள்ளிப் பூஞ்சை. சிலவற்றில் பெயிண்ட் செதில் செதிலாக எழும்பியிருந்தது. ஒன்பதைத் தேற்றலாம் என்று தோன்றியது. பெரியப்பா அழவில்லை. "உன் கடையில அழுகாத சாமான் எதுவும் இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது, ஆனால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. திருச்சியில் போர்டு வேலை செய்யும் நண்பன் ஒருமுறை பிரஷ்டு அலுமினியத்தில் அச்சடித்த ஒரு சாம்பிள் கொடுத்திருந்தான். ஒரே திசையில் மெல்லிய கீறல் ஓடும் அலுமினியத் தகடு, அதன்மேல் நேரடியாக யுவி பிரிண்ட், அதாவது புற ஊதா ஒளி பட்டதும் காய்ந்துவிடும் மை. லிஃப்ட் கதவில் படம் போட்டதுபோல இருக்கிறது என்று அதை மேஜைக்குள் போட்டுவிட்டேன். ஆனால் டெல்டா வீட்டுச் சுவரில் காகிதமும் கண்ணாடியும் என்ன பாடு படும் என்பது என் தொழில். ஐப்பசி, கார்த்திகையில் சுவர் ஓதம் ஏறி ஹார்ட்போர்டு ஊறும். படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கேன்வாஸ் பிரிண்ட் போட்டால் மறுபடியும் துணி, மறுபடியும் பூஞ்சை. சரி, தகட்டையே பார்ப்போம் என்று இறங்கினேன்.

முதல் வேலை போட்டோ எடுப்பது. இதை நான் லேசாக நினைத்தேன். எண்ணெய் வண்ணம் பளபளக்கும். அதிலும் பெரியப்பா கத்தியால் அள்ளி அப்புகிறவர், மேடு பள்ளமெல்லாம் மினுங்கும். செல்போனில் எடுத்ததில் பாதிப் படம் வெள்ளை வெளிச்சமாக இருந்தது. அப்புறம் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிப்போனேன். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, விளக்கின் முன்னால் போலரைசிங் பிலிம், லென்ஸிலும் போலரைசர். லென்ஸில் இருப்பதைத் திருகும்போது பளபளப்பு அப்படியே அணைந்து, உள்ளே இருக்கும் நிறம் மட்டும் எழும்பி வந்ததைப் பார்த்து பெரியப்பா அவரிடமிருந்து கேமராவை வாங்கித் தானே திருகிப் பார்த்தார். ஆனால் மினுக்கத்தை முழுவதும் கொல்லவும் கூடாது. கத்தி வேலையின் மேடு தெரிவதே அந்தச் சின்ன மினுக்கத்தில்தான். முக்கால்வாசி அணைத்து எடுத்தோம்.

ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொடுத்த ஒரு தந்திரத்தை இன்றுவரை செய்கிறேன். படத்தின் நட்ட நடுவில் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைப் படத்தோடு ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டு கேமரா வழியாகப் பார்க்க வேண்டும். கண்ணாடியின் நடுவில் நம் லென்ஸ் தெரிந்தால் கேமரா நேராக நிற்கிறது. தெரியாவிட்டால் சாய்ந்திருக்கிறது, படம் ஒரு பக்கம் குறுகி வரும். டேப் வைத்து அளப்பதைவிட இது சுலபம். பக்கத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்தும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு கம்ப்யூட்டரில் எது உண்மை மஞ்சள் என்று அடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

முதலில் எடுத்துக்கொண்ட ஆற்றுப் படம் 40 அங்குலம் அகலம், 27 அங்குலம் உயரம். கேமரா 24 மெகாபிக்சல், அகலத்தில் 6000 பிக்சல். அங்குலத்துக்கு 150 வருகிறது. 300 இல்லாவிட்டால் தொடாதே என்று காகிதத்தில் அச்சடிக்கிறவர்கள் பயமுறுத்துவார்கள். தகட்டுக்கு 150 போதும். நான்கடி தள்ளி நின்று பார்க்கிற படம், அதோடு தகட்டின் கீறலே நுணுக்கத்தில் கொஞ்சத்தை விழுங்கிவிடுகிறது. கூர்மையைக் கூட்டுகிறேன் என்று கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் கெடும், கீறலும் படமும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

முதல் பிரிண்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்தே மன்னார்குடி போனேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எவர்சில்வர் தட்டுல சாம்பார் ஊத்துன மாதிரி இருக்குடா" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். காகிதத்தில் அச்சடிக்கும்போது வெள்ளை மை என்று ஒன்று கிடையாது, காகிதத்தின் வெள்ளைதான் வெள்ளை. தகட்டில் அந்த வெள்ளை எங்கே இருக்கும்? பெரியப்பாவின் ஆற்றுமணல், உச்சி வெயிலில் கண் கூசும் வெளுப்பு, மொத்தமும் தகட்டின் சாம்பல் நிறமாகிவிட்டது. வெளிர் மஞ்சள் பித்தளை ஆனது. இளநீலம் இரும்பு ஆனது. அடர்ந்த நிறங்கள் மட்டும் தப்பித்தன. கருநீலமும் செம்மண்ணும் உள்ளிருந்து எரிவதுபோல அழகாக வந்திருந்தன. அதுதான் என்னை விட்டுவிடாமல் இழுத்தது.

நண்பனிடம் சொன்னேன். "மாப்ள, அடியில ஒயிட் அடிச்சுடலாம், எல்லாக் கலரும் கரெக்டா வந்துடும்" என்றான். தகட்டைப் படுக்கவைத்து அடிக்கும் யுவி பிளாட்பெட் மெஷினில் வெள்ளை மை தனியாக உண்டு. தகட்டில் முதலில் வெள்ளையை முழுக்க அடித்து, மேலே நிறத்தை அடித்தான். நிறமெல்லாம் அச்சு அசலாக வந்தது. தகடுதான் காணாமல் போனது. ஓரத்தைத் தட்டிப் பார்த்தால் தவிர அது அலுமினியம் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு ஃபிளெக்ஸ் போதுமே.

இரண்டு தகடும் கடைச் சுவரில் சாய்ந்து கிடந்தன. ஒரு நாள் தேக்குச் சட்டம் வாங்க வந்த தஞ்சாவூர் ஓவியக்காரர் ஒருவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டுலயுமே ரேக்கு ஒட்டத் தெரியலையே தம்பி" என்றார். எனக்குப் புரியவில்லை. கையோடு கொண்டுவந்திருந்த தன் கிருஷ்ணன் படத்தைக் காட்டினார். பலகையில் துணி ஒட்டி, சுக்கான் மாவு குழைத்து மேடு கட்டி, அதன்மேல் ரேக்கு என்கிற மெல்லிய தங்கத் தாள் ஒட்டியிருந்தது. நகை, கிரீடம், தூண், வளைவு எல்லாம் தங்கம். முகத்தில் ஒரு பொட்டுத் தங்கம் கிடையாது. "மொகத்துல ரேக்க ஒட்டுனா சாமி மொகம் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். எங்க ஒட்டக்கூடாதுன்னு தெரிஞ்சவன்தான் வேலக்காரன்" என்றார்.

இருபது வருஷமாக அந்தப் படங்களுக்குச் சட்டம் அடிக்கிறேன். எங்கே ரேக்கு இருக்கிறது, எங்கே இல்லை என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

வெள்ளையை முழுக்கவும் அடிக்க வேண்டாம், அடியோடு விடவும் வேண்டாம், இடம் பார்த்து அடிக்க வேண்டும். மெஷின் அதற்குத் தயாராகவே இருக்கிறது. கோப்பில் வெள்ளைக்கென்று ஒரு தனி லேயர் போட்டுக் கொடுத்தால், அந்த லேயரில் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை விழும். 100 சதவீதம், 50, 30 என்று தேய்த்தும் விழும். பாதி வெள்ளை விழுந்த இடத்தில் தகடு பனிக்குள்ளிருந்து தெரிவதுபோல மங்கலாகத் தெரியும். கேள்வி ஒன்றுதான். எங்கே வெள்ளை, எங்கே தகடு என்று யார் முடிவு செய்வது? கடை டிசைனர் தம்பி, "அண்ணே, படத்துல எங்க வெள்ளையா இருக்கோ அங்க ஒயிட் வர்ற மாதிரி ஆட்டோமேடிக்கா எடுத்துடலாம்" என்றான். எடுத்துப் பார்த்தோம். கம்ப்யூட்டருக்கு மணலின் வெள்ளையும் நுரையின் வெள்ளையும் ஒன்றுதான்.

பிரிண்டின் அதே அளவுக்குக் காகிதத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதி எடுத்து, அதன்மேல் பட்டர் பேப்பரை ஒட்டி பெரியப்பாவிடம் கொண்டுபோனேன். "எங்கெல்லாம் தகடு தெரியக்கூடாதோ அங்க பென்சிலால நிரப்பிக் கொடுங்க பெரியப்பா. லேசாத் தெரியலாம்னா லேசா நிரப்புங்க." ஐந்து நாள் எடுத்துக்கொண்டார். மணல் முழுக்க அழுத்தமான பென்சில். கரை, புல், ஓரத்துச் செம்மண் எல்லாம் பாதி. தண்ணீர் வந்த இடத்தை மட்டும் தொடவே இல்லை. நுரையில் புள்ளி புள்ளியாக வைத்திருந்தார். "தண்ணி வந்த எடம் மட்டும் தகடு, மத்ததெல்லாம் மண்ணு" என்றார். அதை ஸ்கேன் செய்து அப்படியே வெள்ளை லேயராக வைத்தோம்.

மூன்றாவது பிரிண்ட் வந்தபோது கூடத்தில் யாரும் பேசவில்லை. காய்ந்த மணலுக்கு நடுவில் நிஜமாகவே ஈரம் ஓடியது. அசலில் அது இல்லை. அசலில் தண்ணீர் என்பது நீலமும் பழுப்பும் கலந்த பெயிண்ட். இதை நகல் என்று சொல்வதா என்று எனக்கு இன்றும் குழப்பம் உண்டு. பெரியப்பாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. பின்பக்கம் மார்க்கரில் கையெழுத்துப் போட்டு, கீழே "பிரதி 1/5" என்று எழுதினார். ஐந்துக்கு மேல் போடக்கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் "பிரஷ்டு" என்றுதான் சொல்வார். பெரும்பாலும் கிடைப்பது ஏசிபி ஷீட். இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பிளாஸ்டிக், மொத்தம் 3 மி.மீ. தோல் 0.3 மி.மீ. இருந்தால் நல்ல சரக்கு. அதைவிட மெலிந்த தோலில், கீறலையே அச்சடித்து ஒட்டிய போலிகளும் உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்புங்கள். நிஜக் கீறல் என்றால் ஒளி ஓடும், ஒரு கோணத்தில் வெளுத்து மறுகோணத்தில் கறுக்கும். போலி எப்படித் திருப்பினாலும் ஒரே சாம்பலாக இருக்கும். முழு அலுமினியத் தகடும் வாங்கலாம், ஆனால் 3 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு எட்டு கிலோ இழுக்கும். ஏசிபி நாலு கிலோ கூட வராது. பெரியப்பாவின் படம் இரண்டரை கிலோ சொச்சம். அதே அளவுக்கு 4 மி.மீ. கண்ணாடி மட்டுமே ஏழு கிலோ. எத்தனை வருஷம் என் ஆட்களை வீணாகத் தூக்கவைத்திருக்கிறேன் என்று தோன்றியது.

கீறல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அடுத்த சங்கதி. ஷீட் எட்டடிக்கு நாலடி, கீறல் பொதுவாக எட்டடிப் பக்கமாகத்தான் ஓடும். அதனால் ஐந்தடி அகலப் படத்துக்குக் கீறல் செங்குத்தாக வேண்டும் என்று கேட்டால் ஷீட்டில் இடமில்லை. மூன்று துண்டாகப் பிரித்து மாட்டும் படம் என்றால் மூன்றும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் பிலிமில் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். மிச்சத்துண்டில் அடக்கிப் போட்டுவிடலாம் என்று கடைக்காரர் ஆசைப்பட்டு ஒன்றைத் திருப்பி வெட்டினால், மாட்டிய பிறகு அந்த ஒரு துண்டு மட்டும் வேறு நிறமாகத் தெரியும். எனக்கு ஒருமுறை அப்படி ஒரு முழு ஷீட் பணம் போனது.

ஆனால் திசை வெறும் வெட்டும் கணக்கு இல்லை. கீறல் படுக்கையாக ஓடினால், எதிரே இருக்கும் ஜன்னல் வெளிச்சம் தகட்டில் மேலும் கீழுமாக ஒரு பட்டையாக நிற்கும். நாம் நடந்தால் அதுவும் கூடவே நகரும். கீறல் செங்குத்தாக ஓடினால் அதே வெளிச்சம் அகலவாக்கில் பரவி மங்கிவிடும், நடந்தாலும் பெரிதாக மாறாது. விளக்கிய எவர்சில்வர் தட்டில் தேய்த்த தடத்துக்குத் தகுந்தபடி வெளிச்சம் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம்தான். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் முற்றத்துக்கு எதிர்ச்சுவரில் படத்தை மாட்டினோம். கீறல் படுக்கை. வெளிச்சப் பட்டை நடக்க நடக்கக் கூட வந்தது. அடடா, தப்பு செய்துவிட்டோமே என்று நான் பதறினேன். அவர் குறுக்கும் நெடுக்குமாக நாலு நடை நடந்து பார்த்துவிட்டு, "ஆத்துல நிலா நம்ம கூடவே வருமேடா, அதான் இது" என்றார். அதோடு அந்த வழக்கு முடிந்தது. அவருடைய சம்பா வயல் படத்துக்கு மட்டும் செங்குத்துக் கீறல் கேட்டு வாங்கினார். அது ரேழியில் தொங்குகிறது. அங்கே நிலா வேண்டாமாம்.

அதனால் இப்போது யார் கேட்டு வந்தாலும் பெரிய பிரிண்டுக்கு முன்னால் ஒரு சாணளவு துண்டு அடித்துக் கொடுத்துவிடுகிறேன். எங்கே மாட்டப் போகிறார்களோ அதே ஆணியில் ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். காலை ஏழு மணிக்கு, உச்சியில், ராத்திரி லைட் போட்ட பிறகு என்று மூன்று தடவை பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்து ஓகே சொல்வதில் அர்த்தமே இல்லை, திரைக்கு அந்த வெளிச்சம் கிடையாது. நேர் எதிரே டியூப்லைட் இருந்தால் இடத்தை மாற்றச் சொல்லிவிடுவேன்.

மெஷின் பக்கத்து விஷயங்கள் கொஞ்சம். தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் பிலிமை, தகட்டை மெஷினில் ஏற்றும் நேரத்தில்தான் உரிக்க வேண்டும். உரித்த தகட்டை வெறுங்கையால் தொட்டால் ரேகை பதியும், அந்த ரேகையின் மேல் மை பிடிக்காது. சித்திரை வெயிலில் நம் ஊர்க் கை எப்படி வியர்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, காட்டன் கையுறையோடு வைக்க வேண்டும். தகடு லேசாக வளைந்திருந்தாலும் பிரிண்ட் தலை அதில் இடிக்கும். அதனால் லோடு ஏற்றும்போது படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அடித்து ஒரு நாள் கழித்து ஓரத்துத் துண்டில் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். மை டேப்போடு வந்தால், மை பிடிப்பதற்காக அடியில் பூசும் பிரைமரைப் பெரும்பாலும் போடவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யக் கூச்சப்படாதீர்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

சப்ளிமேஷன் முறையிலும் ஒரு படம் போட்டுப் பார்த்தேன். பூச்சு பூசிய தகட்டின் மேல் சாயத் தாளை வைத்து 200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் அழுத்துவார்கள். சாயம் ஆவியாகிப் பூச்சுக்குள்ளேயே இறங்கிவிடும். கீறினாலும் சட்டென்று போகாது, கண்ணாடி மாதிரி வழவழப்பு. ஆனால் அதில் வெள்ளை மை கிடையாது. அடர்ந்த நிறம் மட்டுமே இருக்கும் படத்துக்கு அது யுவியைவிட அழகு. மணல் இருக்கும் படத்துக்கு ஆகாது.

மாட்டுவதில் நான் அடிபட்டது தரங்கம்பாடியில். பழைய வீட்டைப் புதுப்பித்த ஒருவர் கடலைப் பார்த்த அறைக்கு இரண்டு படம் கேட்டார். நான்கு மூலையிலும் துளை போட்டு, கையில் இருந்த சாதாரண ஸ்க்ரூவால் முடுக்கிவிட்டு வந்தேன். எட்டு மாதத்தில் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஸ்க்ரூ துருப்பிடித்துச் சுவரில் பழுப்புக் கோடு வழிந்திருந்தது. துளையைச் சுற்றி அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. உப்புக் காற்றின் ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருந்தால் அலுமினியம்தான் அரிபடும். அது முழுக்க என் தவறு, என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். இப்போது கடலோரம் என்றால் 316 ரகத் துருப்பிடிக்காத ஸ்டீல், நடுவில் நைலான் வாஷர், வெட்டிய ஓரத்துக்கெல்லாம் கிளியர் லேக்கர். கூடுமானவரை துளையே போடுவதில்லை. பின்பக்கம் அலுமினியச் சேனலை ஒட்டி அதில் தொங்கவிட்டு, சுவருக்கும் தகட்டுக்கும் நடுவில் அரை அங்குலமாவது இடைவெளி விடுகிறேன். ஓதம் ஏறும் சுவருக்கு அந்த இடைவெளிதான் உயிர். சேனலை ஒட்டும் சிலிகானில்கூட ஒரு கண் வேண்டும். பிதுக்கும்போது காடி வாடை அடித்தால் அது அமிலம் விடும் ரகம், உலோகத்துக்கு ஆகாது. நியூட்ரல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விபத்து ஆயுத பூஜையில் நடந்தது. கும்பகோணத்திலேயே ஒரு வீடு. பூஜைக்கு முதல் நாள் குத்துவிளக்கு, குடம், தாம்பாளம் எல்லாம் விளக்கப் போட்டிருக்கிறார்கள். சுவரில் ஒரு அலுமினியப் படம் தொங்குகிறதே, அதை மட்டும் ஏன் விடுவானேன் என்று அந்த வீட்டுப் பாட்டி இறக்கி, புளியும் விளக்கும் பொடியும் போட்டுத் தேங்காய் நாரால் ஒரு பிடி பிடித்துவிட்டார். விளக்கிய கையோடு நான்கு மூலையிலும் சந்தனம் குங்குமமும் வைத்திருந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அலுமினியத்துக்குப் புளிப்பும் ஆகாது, சோடா உப்புக் காரமும் ஆகாது என்பதை நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன்: "பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து துடைக்கவும். புளி, பொடி, நார் கூடாது. பொட்டு வைக்க வேண்டாம்." கடைசி வரியைப் பார்த்துச் சிலர் என்னை நாத்திகன் என்று நினைக்கிறார்கள்.

படத்தைப் பற்றி வெளியே தெரிந்ததும் லாட்ஜ், ஆஸ்பத்திரி என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செல்போனில் ஏதாவது ஒரு பிரபல ஓவியத்தைக் காட்டி, "இதே மாதிரி ஆறடிக்கு அடிச்சுக் குடுங்க" என்பார்கள். அங்கே நான் கையை எடுத்துவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுவரை உரிமை அவர் வாரிசுகளிடமோ, உரிமை வாங்கியவர்களிடமோ இருக்கும். அரூப ஓவியத்தின் முன்னோடி கந்தின்ஸ்கி 1944-ல் இறந்தவர், அவருடையதை அடிக்கலாம். நம் நாட்டு ஓவியர்களில் கைத்தொண்டே இறந்தது 2001, ராசா 2016. இவர்கள் படத்தை அனுமதி இல்லாமல் தொட முடியாது. அடிக்கக்கூடிய படமாகவே இருந்தாலும் வாட்ஸாப்பில் வந்த கோப்பை ஆறடிக்கு இழுத்தால் கூழாகத்தான் வரும். இன்னொன்று, எல்லா அரூபமும் தகட்டுக்குப் பொருந்தாது. பவுல் க்ளீயின் நீர்வண்ணம் போன்ற காகிதத்தின் மென்மையில் உயிர் வாழும் படங்களைத் தகட்டில் அடிப்பது, என் அபிப்பிராயத்தில், பாவம். கேட்டு வருகிறவர்களிடம், பக்கத்திலேயே கவின் கலைக் கல்லூரி இருக்கிறதே, அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் படம் வாங்கி, எத்தனை பிரதி என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கள் என்கிறேன். மூன்று பேர் அப்படிச் செய்தார்கள். பெரியப்பாவிடமே நான் அப்படி எழுதி வாங்கித்தான் வைத்திருக்கிறேன். "எங்கிட்டயே பத்திரம் கேக்குறியாடா" என்று சிரித்துக்கொண்டே போட்டார்.

ஒளி, ஈரம் இரண்டிலிருந்தும் அசல்களைக் காப்பாற்ற இப்போது கடை மாடியில் அமிலமில்லாத தாளில் சுற்றித் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி வைத்திருக்கிறேன். தகடு அழுகாது, ஆனால் மை வெளுக்கும். நேர் வெயில் படும் சுவரில் தகட்டையும் மாட்டக்கூடாது. பெரியப்பா ஒருமுறைகூட அசலைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை.

போன ஆடியில் போயிருந்தேன். ஈஸிசேரைப் படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். "இங்க வா" என்று எழுந்துபோய், படத்தின் வலது கீழ்மூலையில் விரலை வைத்தார். "இந்த எடத்துல தண்ணி எப்படிடா வந்துச்சு? நான் விடலையே."

கிட்டே போய்ப் பார்த்தேன். மணலுக்கு நடுவில் கட்டைவிரல் அகலத்துக்குத் தகடு பளிச்சென்று தெரிந்தது. கடைக்குத் திரும்பி பட்டர் பேப்பரை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்த மூலையில் அவர் லேசாகத்தான் பென்சிலைத் தேய்த்திருந்தார், டிசைனர் தம்பி அதைக் கைபட்ட அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டான். அதுவரை மூன்று பிரதி போயிருந்தது, மூன்றிலும் அதே இடத்தில் அந்த ஈரம் இருக்கிறது. போன் போட்டு, மிச்சம் இருக்கும் இரண்டில் திருத்திவிடுகிறேன் பெரியப்பா என்றேன்.

"வேணாம். அது நம்ம கடைமடை. அங்க தண்ணி வந்து எத்தன வருஷம் ஆச்சு, வந்த தண்ணிய எதுக்கு மூடுற?" என்றார்.